கழுவின தண்ணீர்

ஹேமலதாவுக்கு அஞ்சலாட்சி மேல் கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோபத்தில் செய்திருந்தால் பாதியாவது மன்னிக்கலாம். அவள் மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் செரித்த பிறகு, பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்து, நிதானமாகச் செய்தாள்.

ஹேமலதா ரெட்டியார்பாளையத்துப் பெண். வயது இருபத்தொன்பது. கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருக்கும் கடல் ஆய்வு நிலையத்தில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவி. கடற்புல்லைப் பற்றி ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அது முழு உண்மை இல்லை. புல் அவளுக்கு முக்கியமே இல்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவைதான் முக்கியம்.

தொண்டிப் பக்கம் ஆழமில்லாத கடலுக்குள் நாடா நாடாவாக வளர்கிற புல் அது. கையில் எடுத்தால் வழவழவென்று, பழுப்பாக, அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். அந்த அழுக்கைத்தான் ஹேமலதா ஐந்து வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாள். நகத்தளவு இலையில் ஆயிரக்கணக்கான உயிர்கள். டயட்டம் என்று பெயர். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும். சிலது படகு மாதிரி, சிலது விசிறி மாதிரி, சிலது காம்பு விட்டு நிமிர்ந்து நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்களுக்கு அது தனி ஊர். மற்றவர்களுக்கு வெறும் அழுக்கு.

இலையை வடிகட்டின கடல்தண்ணீரில் போட்டுக் குலுக்கி, கண்ணாடி வில்லையின் விளிம்பால் வழித்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அயோடின் விட்டு வைப்பார்கள். பிறகு அதில் ஒரு சொட்டு எடுத்து எண்ணுவார்கள். இலை குப்பைக்குப் போகும். இத்தனை வேலைக்கும் சேர்த்து அந்த ஆய்வகத்தில் ஒரே பெயர்தான். கழுவுவது. "கழுவியாச்சா?" என்று கேட்டால் தண்ணீரைப் பத்திரமாகப் பிடித்து வைத்தாயா என்று அர்த்தம். உலகத்தில் மற்ற எல்லோரும் கழுவினால் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்வார்கள். இங்கே பொருளைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்வார்கள். ஐந்து வருடம் அங்கே இருந்தவளுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

அஞ்சலாட்சி அந்த ஆய்வகத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தவளக்குப்பத்துக்கு மேற்கே ஒரு கிராமம். நாற்பத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகளைத் திருப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆய்வு நிலையத்தில் பதினோரு வருடமாகத் தினக்கூலி. அந்தப் பதினோரு வருடமும் வேதியியல் பிரிவில் கண்ணாடிச் சாமான் கழுவியே ஓடியது. குடுவையைக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். புள்ளி தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவள் கழுவின குடுவையில் தண்ணீரே குடிக்கலாம் என்று சொல்லுவார்கள். கை சுத்தமான பொம்பளை என்றும் சொல்லுவார்கள், இரண்டு அர்த்தத்திலும்.

அந்த மாதம் தினக்கூலிகளில் ஏழு பேரை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாராகியிருந்தது. அஞ்சலாட்சி நாலாவது. எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்களோ அந்தப் பிரிவின் தலைவர் 'புகார் எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அஞ்சலாட்சி இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாட்ச்மேனிடம் சொன்னாள், டீ கொண்டுவருகிறவனிடம் சொன்னாள், ஹேமலதாவிடம் தினமும் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம மட்டும் ஆயிடட்டும் பாப்பா. அப்புறம் சாவற வரைக்கும் எவங்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம். எம் பொண்ணுகிட்டகூட."

"ஆயிடும்க்கா," என்று ஹேமலதா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அப்போது மனதாரத்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறன்று தொண்டியில் முட்டியளவு தண்ணீரில் நின்று பறித்த இலைகள், முப்பத்தாறு டப்பாக்களில், ஐஸ் பெட்டியில் வந்து குளிர்பெட்டியில் இருந்தன. மழைக்காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணம் அது. செவ்வாய்க்குள் கழுவி முடிக்க வேண்டும். ஹேமலதாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் நீட்டித்தாயிற்று, மூன்றாவது கிடையாது. பிரிவின் தலைவர் பேராசிரியர் அன்வருதீன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஊரில் நாலு தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த குடும்பத்து மனிதர். கடைச் சாவியை அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது என்பது ரத்தத்திலேயே இருந்ததோ என்னவோ. "டப்பாவை நீங்கதான் திறக்கணும். இன்னொரு கை பட்டதுன்னு தெரிஞ்சா நான் உங்களுக்கு கைடு இல்லை" என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சிநேகிதனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன ஒரு மாணவனை உண்மையாகவே அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு அவர் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். ஹேமலதா காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தரைக்கெல்லாம் நேரு வீதியில் இருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அக்கா புடவை எடுக்க வரச் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று போனவள், பதினொன்றரைக்கும் முதல் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். நாத்தனாராக வரப்போகிறவள் மெரூனைத் தள்ளிவிட்டு மறுபடியும் மெரூனையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஹேமலதா போனை எடுத்து அஞ்சலாட்சிக்குக் குரலில் ஒரு செய்தி போட்டாள்.

"அக்கா, நான் வர லேட்டாவும். ஃப்ரிட்ஜ்ல இருக்கற முப்பத்தாறு டப்பாவையும் எடுத்து இலையெல்லாம் நல்லா கழுவி வச்சிடுங்க. நல்லா கழுவணும், ஒண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது. நம்பர் மாறாம வைங்க. சார்கிட்ட சொல்ல வேணாம்."

தண்ணீர் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது ஆய்வகம் மணக்க மணக்க இருந்தது. மேஜை முழுக்க வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஈரத்துணி விரித்து, அதன்மேல் இலைகளை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் டப்பாவின் நம்பர் எழுதின சீட்டு. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை ஒரு நம்பர் மாறவில்லை. இலைகள் பச்சைப்பசேலென்று, அப்போதுதான் துளிர்த்த மாதிரி மின்னின. அஞ்சலாட்சியின் பத்து விரல் நுனியும் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன. முகமெல்லாம் சிரிப்பு.

"தண்ணி எங்கக்கா?" என்றாள் ஹேமலதா.

"எந்தத் தண்ணி?"

"கழுவின தண்ணி."

அஞ்சலாட்சிக்குக் கேள்வியே புரியவில்லை. "அழுக்குத் தண்ணியா? அத அப்பவே ஊத்திட்டேன் பாப்பா. ஒரே பிசுபிசுப்பு. டப்பாவுக்கு மூணு தண்ணி மாத்தி, கட்டவெரலால நுனியில இருந்து அடி வரைக்கும் உருவி உருவிக் கழுவனேன். ஒண்ணும் ஒட்டியிருக்கக் கூடாதுன்னு சொன்னியே, பாரு, எதுனா ஒட்டினுக்குதா? தொட்டியக்கூட பவுடர் போட்டுத் தேச்சுட்டேன்."

ஹேமலதா தொட்டியைப் பார்த்தாள். அதுவும் பளபளவென்று இருந்தது. தொண்டிக் கடலின் முப்பத்தாறு டப்பா உயிர்களும், இந்நேரம் வாய்க்கால் வழியாகப் புதுச்சேரிக் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். யாருடைய தப்பு என்று அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டாள், சின்னப் பெண் என்று யாரும் அவளுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

"நல்லா கழுவியிருக்கீங்கக்கா," என்றாள். "நீங்க கெளம்புங்க."

அஞ்சலாட்சி சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள். ஹேமலதா அந்த இலைகளை மறுபடி டப்பாக்களில் போட்டு, அழுகாமல் இருக்க ஃபார்மலின் விட்டு மூடினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. குப்பையில் போடக் கை வரவில்லை. ஐந்தரை மணிக்கு வில்லியனூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, போனைத் திறந்தாள். காலையில் போட்ட குரல் செய்தியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எனக்கு மட்டும் நீக்கவா, எல்லோருக்கும் நீக்கவா என்று போன் கேட்டது. போனுக்குக்கூட ஒரு தரம் கேட்டுவிட்டுச் செய்கிற நாகரிகம் இருக்கிறது. எல்லோருக்கும் என்று அழுத்தினாள். பஸ் இந்திரா காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலை அன்வருதீன் அறைக்குச் சிவந்த கண்ணோடு போனாள். அழுதது நிஜம்தான், ராத்திரி தூங்காததும் நிஜம். சொன்ன பொய்யோ ரொம்பச் சின்னது. "நான் லைப்ரரியில இருந்தேன் சார். வந்து பார்த்தா, அவங்களா எடுத்துக் கழுவிட்டாங்க."

'அவங்களா.' ஒரே ஒரு சொல். ஒருத்தியின் பதினோரு வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை. அன்வருதீன் நாற்காலியில், பக்கத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் கமலக்கண்ணன் பைலோடு, எதிரே அஞ்சலாட்சி நின்றபடி, சுவரோரமாக ஹேமலதா. அன்வருதீனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் இரண்டு தடவை கேட்டார்.

"உங்களை யாரும்மா டப்பாவைத் தொடச் சொன்னது?"

"பாப்பாதான் சார் சொன்னாங்க."

"நேர்ல சொன்னாங்களா?"

"இல்ல சார், போன்ல வாயிஸ் போட்டாங்க. தோ, இருக்குது சார்." அஞ்சலாட்சி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மகள் பழசாகிவிட்டது என்று கொடுத்த போன், உள்ளே எல்லாமே இங்கிலீஷில். அஞ்சலாட்சிக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். படத்தைப் பார்த்து அழுத்துவாள். ஹேமலதாவின் படத்தை அழுத்தினாள். குரல் இருந்த இடத்தை அழுத்தினாள். ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் அழுத்தினாள். "இங்கதான் சார் இருந்துச்சு. நாலு வாட்டி போட்டுக் கேட்டனே சார். ஒண்ணும் உட்டுடக் கூடாதுன்னு நாலு வாட்டி கேட்டேன்."

கமலக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அன்வருதீன் கையை நீட்டினார். நீட்டின கை போனை வாங்கியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹேமலதாவின் பெயருக்குக் கீழே, குரல் இருந்த இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு வரி மொத்தத்தையும் சொல்லிவிடும். ஆனால் கண்ணாடி அவருடைய பையில் இருந்தது. நீட்டின கையாலேயே சுவர்ப்பக்கம் காட்டினார்.

"ஹேமலதா, அவங்களுக்குப் போன் பார்க்கத் தெரியலை போலிருக்கு. வாங்கிப் பாருங்க."

அஞ்சலாட்சி தானே இரண்டடி முன்னால் வந்து போனை அவள் கையில் வைத்தாள். "பாரு பாப்பா. நீ போட்டதுதானே, உனக்குத் தெரியும். எடுத்து சாருக்குக் கேக்க வை."

ஹேமலதா அந்த வரியைப் படித்தாள். திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல சார்," என்றாள்.

"பொய் வேறயா?" என்றார் கமலக்கண்ணன். "செஞ்சது போதாதுன்னு படிக்கற பொண்ணு மேல பழியப் போடறியா நீ?"

"அய்யோ, நான் ஏன் சார் பொய் சொல்லப் போறேன்? பாப்பா, நீ சொல்லும்மா. நீ சொன்னத நீ சொல்லு. நான் வேற எதுவும் கேக்கல."

எல்லோரும் ஹேமலதாவைப் பார்த்தார்கள். இன்னும்கூட நேரம் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பயத்துல பேசறாங்க சார். பாவம், விட்டுடுங்க," என்றாள். திட்டியிருந்தால்கூட அஞ்சலாட்சி திருப்பித் திட்டியிருப்பாள். பாவம் என்று சொன்ன பிறகு திட்டவும் வழியில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள், யாரைக் கும்பிடுகிறோம் என்றே தெரியாமல்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் நாலாவது பெயரை அடித்துவிட்டு எட்டாவதாக ஒருத்தரைச் சேர்த்தார்கள். தினக்கூலியும் அன்றோடு போயிற்று. கமலக்கண்ணன் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். ஆராய்ச்சிப் பொருளைத் தன்னிச்சையாக அழித்தது, விசாரணையில் பொய் சொன்னது. கடைசியில் ஒரு வரி: தகுந்த ஆதாரம் இருந்தால் ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் அஞ்சலாட்சி இரண்டாம் தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சாயங்காலம் வாசலில் ஹேமலதாவுக்காகக் காத்திருந்தாள். ஹேமலதா பார்க்காத மாதிரி நழுவப் பார்த்தாள், முடியவில்லை.

"பாப்பா, உம்மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அவ்ளோ பெரிய மனுசங்க முன்னாடி உனக்கும் பயமாத்தான் இருக்கும். அந்த வாயிஸ் இருந்த எடத்துல சின்னதா என்னமோ எழுதியிருக்குதே, அது இன்னாது?"

போனை நீட்டினாள். ஹேமலதா படிக்க வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம்.

"நெட் இல்லன்னு போட்டிருக்குக்கா."

"அதானா!" அஞ்சலாட்சி முகம் மலர்ந்தது. "நானே எதையோ அழுத்தித் தொலைச்சிட்டனோன்னு பயந்துட்டேன். அப்ப நெட்டு போட்டா வந்துடும்?"

"வந்துடும்."

ஹேமலதா அவளைக் கைகழுவி விட்டது வியாழக்கிழமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. வியாழக்கிழமை பயத்தில் நடந்தது. வாசலில் நடந்ததுதான் அசல்.

அதற்கப்புறம் ஹேமலதாவுக்கு எல்லாமே நல்லபடியாக நடந்தது. தப்பு அவளுடையது இல்லை என்பதால் அன்வருதீன் தானே எழுதிப் போட்டு இன்னும் ஒரு வருடம் வாங்கிக் கொடுத்தார். நிச்சயதார்த்தம் மெரூன் புடவையில் முடிந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள், சும்மா கிடக்கிறதே என்று, அந்தக் கழுவின இலைகளில் ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

இலை மொட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. காம்பு விட்டு நின்றவை, படகு மாதிரி ஓடுகிறவை, விசிறிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அவற்றுக்கு அடியில், இலையோடு இலையாக, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின மாதிரி தட்டையாக முட்டை வடிவத்தில் ஒரு ஜாதி மட்டும், ஒன்று விடாமல், வரிவரியாக அப்படியே இருந்தது. கண்ணாடி வில்லையால் வழித்தால் அதுவும் உடைந்து எல்லாவற்றோடும் கலந்துவிடும். அடியில் இருப்பது எது, மேலே குடியேறினது எது என்று அதுவரை அவளால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. அஞ்சலாட்சியின் கட்டைவிரல் பிரித்து வைத்திருந்தது. முப்பத்தாறு டப்பாவும் நம்பர் மாறாமல்.

அன்வருதீன் அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "இது தனி அத்தியாயம் ஹேமலதா. இதே மாதிரி இன்னொரு தடவை கழுவி, இந்தத் தடவை தண்ணியையும் பிடிச்சு, ரெண்டையும் எண்ணிக் காட்டணும்."

சொல்வது சுலபம். ஹேமலதா தூரிகையால் தேய்த்தாள், எதுவும் போகவில்லை. பஞ்சால் தேய்த்தாள், எல்லாமே போயிற்று. தன் விரலால் உருவினாள், பாதி இலை கிழிந்தது. நாலு மாதம் போராடின பிறகு அன்வருதீன்தான் சொன்னார். "அந்த அம்மாவை ஒரு நாளைக்குக் கூப்பிடுங்களேன்."

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அஞ்சலாட்சி வந்தாள். அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம். இளைத்துப் போயிருந்தாள். ஆனால் நிலையத்தின் நீலச் சீருடைப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளாக ஒன்றை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஹேமலதாவும் அதை மறுக்கவில்லை. கை நன்றாக ஓட வேண்டுமே.

தொண்டியிலிருந்து புதிதாக வந்திருந்த இலைகளை அஞ்சலாட்சி கழுவினாள். ஹேமலதா பக்கத்தில் நின்று நோட்டில் குறித்தாள். கட்டைவிரலும் இரண்டு விரலும். நுனியிலிருந்து அடிக்கு. ஒரு பக்கத்துக்கு ஆறு தடவை, திருப்பிப் போட்டு ஆறு தடவை. எவ்வளவு அழுத்தம் என்று மட்டும் குறிக்கத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு டப்பா முடிந்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஹேமலதா பாட்டிலில் பிடித்து மூடுவதை அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தத் தண்ணி வேணுமா பாப்பா?"

"இதுதான்க்கா வேணும்."

"இதுல என்னா கீது?"

ஹேமலதா ஒரு சொட்டை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஏன் காட்டினாள்? பெருமைதான், வேறென்ன. அஞ்சலாட்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள், குடுவையை வெளிச்சத்தில் பார்க்கிற அதே பழக்கத்தில். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இத்தினியும் உசுரா?"

"ஆமாக்கா."

"கண்ணாடியாட்டம் கீதே. இதையா நான் அன்னிக்கு ஊத்தினேன்? முப்பத்தாறு டப்பாவா?" சுருங்கின விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியாம போச்சே. அப்ப சார் பண்ணது நியாயந்தான் பாப்பா. நான் அழுக்குன்னு நெனச்சேன்."

ஹேமலதா நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி இருந்தாள். அஞ்சலாட்சி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அதே போன்.

"பாப்பா, மாசா மாசம் நெட்டு போட்டுக்குனுதான் இருக்கேன். அது வரல. கடைக்காரன்கிட்டகூட காட்டல. படிச்ச பொண்ணு நீ சொன்னப்புறம் இன்னொருத்தன்கிட்ட கேட்டா நல்லாவா இருக்கும்? மனு குடுக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. உன் போன்ல இருக்குமில்ல? எனக்கு மறுபடி ஒருவாட்டி அனுப்பேன்."

ஹேமலதா வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சியே தொடர்ந்தாள்.

"சார்கிட்ட காட்டறதுக்குக்கூட இல்லம்மா. எனக்கு ஒருவாட்டி கேக்கணும். இப்பல்லாம் எனக்கே சந்தேகமா கீது. நீ சொன்னியா, இல்ல நானா நெனச்சுக்கினேனான்னு. பாத்திரம் தேக்கறப்போல்லாம் அதே ஓடுது."

இதைக் கேட்டு ஹேமலதாவுக்குப் பாவமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. பத்து மாதமாக அவளுக்குத் தூக்கத்தில்கூடப் பயம், இவள் என்றைக்காவது அந்த வரியை யாரிடமாவது படிக்கக் கொடுத்துவிடுவாளோ என்று. இப்போது கதவு தானாகத் திறந்து கிடந்தது.

"நான் அப்படி எதுவும் அனுப்பவே இல்லையேக்கா," என்றாள், மிருதுவாக, வியாதிக்காரரிடம் பேசுகிற மாதிரி.

அஞ்சலாட்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அதானே. நீ ஏன் அனுப்பப் போற. எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சு. அன்னிக்கு உன் பேர வேற இழுத்துட்டேன், மனசுல வச்சுக்காத."

"பரவால்லக்கா."

"அப்ப ஒண்ணு பண்ணு." போனை ஹேமலதாவின் கையில் வைத்தாள், அன்றைக்கு வைத்த மாதிரியே. "அந்த எழுத்து அங்கியே குந்தினுக்குது. அதப் பாக்கப் பாக்கத்தான் மறுபடி மறுபடி தோணுது. அத எடுத்து உட்டுடு."

ஹேமலதா அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நீக்கவா என்று போன் ஒரு தரம் கேட்டது. நீக்கினாள்.

"போச்சா?"

"போச்சுக்கா."

அஞ்சலாட்சி போனை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "மிச்ச டப்பாவ எடு பாப்பா, கழுவிட்டுப் போறேன். அப்பத்தான் சார் நல்ல விதமா நெனப்பாரு," என்றாள்.